வெட்டிப்போட்ட மூச்சு

எடிட்டிங் தொழிலில் எது கடைசி ஷாட் என்பது எடுக்கும்போது தெரியாது. என் மனைவி ஸ்டெல்லாவை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது லஸ் முனையில், காலேஜுக்குப் பாடம் நடத்த ஆட்டோ ஏறும்போது. ஐம்பது வயதில் டாக்டர் பட்டம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "வெட்டிப்போட்ட துண்டையெல்லாம் கைடு சாருக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்துடுங்க, மறந்துடாதீங்க" என்றாள். மதியம் மாரடைப்பு.

பாதி படம், பாதி ஏடு

சிந்தாதிரிப்பேட்டை மீன்காரப் பெண்களைப் பற்றி ஒரு படம். அந்தப் படத்தை வைத்து ஓர் ஆய்வேடு. இரண்டும் சேர்ந்ததுதான் அவள் ஆராய்ச்சி. படத்தை வெட்டி ஒட்டுவது என் வேலை. தி.நகரில் கல்யாண வீடியோ வெட்டியே தொழில் கற்றவன் நான். ஏடு அவளுக்கும், ஆய்வுக்கு வழிகாட்டிய அடையாறு கைடுக்கும். அவரோடு போனில் தியரி பேசிச் சிரிப்பாள். என்ன ஜோக் என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொன்னா புரியாதுங்க. பால் பொங்குது பாருங்க."

கைப்பழக்கம்

கல்யாண வீடியோவில் முதுகு ஒடிந்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமா விழித்தால் கை தானாக வெட்டிவிடும். மீன்காரப் பெண்களின் தயக்கத்தையும் அப்படியே வெட்டினேன். அவர்களுக்கே போட்டுக் காட்டியபோது முனியம்மாதான் முதலில் கேட்டாள்.

"இன்னா நைனா, நான் யோசிச்சிகினு இருந்ததெல்லாம் எங்க? மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா மாறி கீது!"

மூன்றாம் அத்தியாயம்

ஸ்டெல்லாவின் மூன்றாம் அத்தியாயமே அந்தத் தயக்கங்களைப் பற்றித்தான். நான் அதைப் படித்திருக்கவில்லை. கைடு எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க வெட்டின இடத்துலெல்லாம், கேள்வி கேட்டுட்டு மேடம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. கேமராவுக்குப் பின்னாடி அது கேக்கும். இத்தனை வருஷம் கூட இருக்கீங்க, கவனிச்சதில்லையா சார்?"

முப்பதாம் நாள் பூசை

படத்தின் நீளம் இடம் கொடுத்தவரை வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன், பட்டமும் கிடைத்தது. மீதித் துண்டுகள் என் டிஸ்க்கில் கிடந்தன. அவள் இறந்த முப்பதாம் நாள், பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கைடு தயங்கித் தயங்கி அந்தத் துண்டுகளைக் கேட்டார். "அழிஞ்சிடுச்சு சார்" என்றேன்.

"பரவால்ல சார். அழியறதுக்கு முன்னாடி நீங்களாவது ஒரு தடவை கேட்டீங்க இல்ல?"

தொழில் தெரிந்த எவனும் எதையும் இரண்டு காப்பி வைப்பான். நாற்பது நிமிஷம், முழுக்க அவள் காத்திருக்கும் மூச்சு, என்னிடம் ஒரே காப்பிதான் இருக்கிறது.