மூணு முக்கு நட்சத்திரம்

அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அப்புறம் நத்தத்திலிருந்து வந்திருந்த புளி வியாபாரி. மச்சானுடைய நாயையும் சேர்த்தால் ஐந்து. சேர்த்துத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு அங்கே யார் மனசையும் புண்படுத்தாதது அது ஒன்றுதான்.

தோட்டம் அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மச்சான் மல்லிகையும் தென்னையும் போட்டிருக்கிறார். தை மாதம், மணி ஏழைத் தாண்டியிருந்தது. மோட்டார் ரூமுக்கு முன்னால் உள்ள சிமெண்டுக் களத்தில் எட்டு அங்குலக் கண்ணாடி போட்ட டெலஸ்கோப் ஒன்று நெஞ்சு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. அது புளி வியாபாரியுடையது. அதை நான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு பண்ணத்தான் கூடியிருந்தோம்.

நான் திண்டுக்கல்லில் பைக் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பயம் மட்டும் மேற்கொண்டு படித்துக்கொண்டே இருக்கிறது. வண்டியை ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அந்த ஆளுக்கே போன் போட்டு "வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?" என்று கேட்கிற மெக்கானிக் எங்கள் ஊரில் நான் ஒருத்தன்தான். பிரேக் கம்பியை மாட்டினேனா, ஆயில் போல்ட்டை இறுக்கினேனா என்று யோசித்துத் தூக்கம் வராத நாட்களில் மொட்டைமாடிக்குப் போவேன். அப்படிப் போய்ப் பிடித்துக்கொண்ட பழக்கம்தான் இது. முதலில் ஒரு பழைய பைனாகுலர். அதில் நான் தேடியது நிலாவையோ சனியின் வளையத்தையோ கிடையாது. நெபுலா, கேலக்ஸி என்கிறார்களே, அந்த மங்கல்களை. பேர் ஆயிரம் இருந்தாலும் பார்க்க எல்லாம் கண்ணாடியில் ஊதினால் படிகிற மூச்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் எத்தனையோ லட்சம் வருசத்துக்கு முன்னால் கிளம்பின வெளிச்சம். அங்கே என்ன கெட்டுப்போனாலும் அதற்கு நான் பொறுப்பில்லை. அந்த நிம்மதி எனக்குக் கோயில் பெஞ்சில்கூடக் கிடைத்ததில்லை.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இந்தக் கொசுக்கடி?" என்பாள் என் மனைவி.

புளி வியாபாரியை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் பிடித்தேன். அவருக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். டெலஸ்கோப்பின் அடியில் இருக்கிற கண்ணாடியை அவரே தேய்த்திருக்கிறார். புளி குடோனின் பின்கட்டில் ஒரு பேரலை நிறுத்தி, அதன் மேல் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் இன்னொரு கண்ணாடி, நடுவில் தண்ணீரும் உரசுகிற பொடியும். பேரலைச் சுற்றிச் சுற்றி நடந்து, தள்ளி, இழுத்து, எட்டு மாசம். "நடந்த நடைக்கு ரெண்டு தடவ வேளாங்கண்ணிக்கே போயிருக்கலாம் தம்பி" என்றார். அடுத்ததாகப் பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி தேய்ப்பதற்கு ஆசைப்பட்டு, வட்டக் கண்ணாடியையும் வாங்கி வைத்துவிட்டார். பொடிக்கும் மற்றதுக்கும் பணம் வேண்டும். அதனால்தான் முதல் டெலஸ்கோப்பை விற்கிறார். விலை இருபத்திரண்டாயிரம். ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். மிச்சம், நட்சத்திரத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு.

மத்தியானமே நத்தத்துக்குப் போய் ஒரு லோடு ஆட்டோவில் டெலஸ்கோப்பை ஏற்றி வந்தேன். அவர் கடையைப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் குழாயின் அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு டீக்கடை ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தை மூன்று கிளிப் பிடித்திருக்கிறது. மூன்றும் தொளதொளவென்று இருக்கிறது. என் சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர் இல்லாத நாள் கிடையாது. மூன்றையும் சிக்கென்று முறுக்கினேன். மனசு கேட்காமல் ஆளுக்கு இன்னொரு கால் சுற்று. அதற்கப்புறம் சத்தமே இல்லை. நிம்மதியாக டீ குடித்தேன். குடித்த கையோடு இதை மறந்தும் போனேன். மூச்சு விடுகிற மாதிரி முறுக்குகிற ஆளுக்கு எதை முறுக்கினோம் என்று எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

சோதிக்கிற முறை லேசானதுதான். நல்ல வெளிச்சமுள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, போகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைக்க வேண்டும். நட்சத்திரம் குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாக விரியும். இந்தப் பக்கம் கலைத்தாலும் அந்தப் பக்கம் கலைத்தாலும் ஒரே மாதிரி வட்டமாக இருந்தால் கண்ணாடி சுத்தம். ரோகிணி நட்சத்திரம் உச்சியில் இருந்தது. பிடித்தேன். கலைத்தேன். எனக்கு வியர்த்துவிட்டது.

"நீ பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் குனிந்து பார்த்து, "அழகா இருக்கே! சமோசா மாதிரி" என்றாள்.

புளி வியாபாரி அதுவரைக்கும் மச்சானிடம் மல்லிகை விலை கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தினார். "என்ன மாதிரி?"

"மூணு முக்கா இருக்குண்ணே" என்றேன்.

அவர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாய்கூட எழுந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. மச்சான்தான் வாயைத் திறந்தார்: "மாப்ள, அந்த நட்சத்திரமே அப்படியோ என்னவோ? வேற ஒண்ணப் பாருங்களேன்."

வேறொன்றைப் பார்த்தோம். அதுவும் சமோசா.

"எங்க மாடியில வச்சுப் பாத்தப்ப வட்டமாத்தானே இருந்துச்சு" என்றார் வியாபாரி, தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பயந்தவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, பயம் வந்தால் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவான். போனில் பார்த்த வீடியோக்களின் தைரியத்தில், "காத்து அலையடிச்சா கண்ணாடியில இருக்குற கோளாறு தெரியாதுண்ணே. அன்னைக்கு வட்டமாத் தெரிஞ்ச மாதிரி இருந்திருக்கும். தேய்க்கிறப்ப கை ஒரு பக்கமா அழுத்திருச்சோ என்னமோ" என்றேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறாயிரத்தக் கொறச்சுக்க தம்பி" என்றார். நான் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. "வேணாம்ணே" என்றதற்கு, "மூணு முக்குக் கண்ணாடிக்கு முழு வெல வாங்குனா எனக்குச் சோறு எறங்காது" என்றார். பதினோராயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது சொன்னார்: "இனிமே இந்த ஆட்டம் வேணாம். அந்தப் பன்னெண்டு அங்குலத்த டீப்பாய்க்கு மேல போட்டுருவேன். வீட்டுல ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கா."

அடுத்த வாரமே ஆசாரியிடம் டீப்பாய்க்குக் கால் செய்யச் சொல்லிவிட்டதாகக் குரூப்பில் போட்டிருந்தார். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. எனக்கு அந்தப் பொம்மையைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. மிச்சமான ஆறாயிரத்தில் கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் மாட்டுகிற ஒரு நல்ல ஐபீஸ் வாங்கினேன். அதில் சமோசா இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் எனக்குப் புதுக் கவலை ஒன்று பிடித்தது. மோட்டார் ரூமில் வைத்திருக்கிற டெலஸ்கோப்பில் கண்ணாடி கழன்று விழுந்திருக்குமோ? காலையில் கடை திறக்காமல் தோட்டத்துக்கு ஓடினேன். பின்மூடியைத் திறந்து கிளிப்பில் கை வைத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தபோதுதான் டீக்கடை, வேகத்தடை, கால் சுற்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மூன்று கிளிப். மூன்று முக்கு.

சாயங்காலம்வரை பொறுக்க என்னால் முடியாது. பையில் பைக் ஹேண்டிலுக்குள் போடுகிற எஃகு பால்ஸ் இரண்டு கிடந்தது. ஒன்றைக் கிரீஸ் தொட்டு, கிழிந்த கறுப்பு சீட் கவர் துண்டில் ஒட்டி, ஐம்பது அடி வைத்து நடந்து மேற்கே ஒரு தென்னையில் கட்டினேன். சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது. அந்தச் சின்ன உருண்டையில் அது ஒரு ஊசிமுனைப் புள்ளியாக மின்னியது. பகலில் ஒரு நட்சத்திரம். குழாய் தவறிப்போய்ச் சூரியன் பக்கம் திரும்பிவிட்டால் கண் போய்விடுமே என்று மச்சானைக் குடையோடு பின்னால் நிற்க வைத்தேன்.

"மழையும் இல்ல, வெயிலும் ஏறல. நான் எதுக்கு மாப்ள கொட பிடிக்கிறேன்?"

"பேசாம நில்லுங்க மச்சான்."

போகஸைக் கலைத்தேன். சமோசா. ஒரு கிளிப்பைக் கால் சுற்று தளர்த்தினேன். ஒரு முக்கு மழுங்கியது. இரண்டாவதைத் தளர்த்தினேன். மூன்றாவதையும் தளர்த்திவிட்டுக் கண்ணை வைத்தபோது, வட்டம். அந்தப் பக்கம் கலைத்தேன். வட்டம். கம்பாஸ் வைத்து வரைந்த மாதிரி. அந்த மனுசன் எட்டு மாசம் நடந்து நடந்து தேய்த்த வட்டத்தை நான் ஒரு டீக்கு முன்னால் நெரித்து வைத்திருக்கிறேன்.

"இப்பவே போன் போடுங்க" என்றாள் வீட்டில் விசயத்தைக் கேட்ட மனைவி. நான் போடவில்லை. முதல் நாள், அவருக்குச் சந்தையில் வேலை இருக்கும் என்றேன். இரண்டாவது நாள், போனில் சொல்கிற விசயமா என்றேன். மூன்றாவது நாள் அவள் ஒன்றும் கேட்காமல் என் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நத்தத்தில் அவர் வீட்டுக்கு முன்னால் ஆசாரி நான்கு கால்களையும் சட்டத்தில் கோத்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. அதன் மேல் இரண்டு காப்பி டம்ளர், ஒரு தட்டு முறுக்கு. ஒத்திகை பார்க்கிறார்கள்போல. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முறுக்கை என் பக்கம் நகர்த்தினார். "எம் மனசு ஆறட்டும்னு சொல்ற. நீ நல்லவன் தம்பி. சாப்புடு."

"சத்தியமாண்ணே. நான்தான் முறுக்குனேன்."

"சரிப்பா. நீயே முறுக்குனதா இருக்கட்டும்."

இதற்கு நான் தயாராக வரவில்லை. திட்டினால் என்ன சொல்வது, அடித்தால் எங்கே ஓடுவது என்பதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். நம்பமாட்டார் என்று யோசிக்கவே இல்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வண்டியில் ஏற்றினேன். ஆசாரியிடம், "செத்த நேரம் பொறுங்க, கண்ணாடிய மாட்டிராதீங்க" என்று கெஞ்சிவிட்டுக் கிளம்பினேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்து வானத்தில் மீன் முளைத்திருந்தது. மச்சானோடு என் மனைவியும் அங்கே காத்திருந்தாள். ரோகிணியைப் பிடித்துக் கொடுத்து, ஸ்குரூ டிரைவரையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். வட்டம். தானே அடியில் குனிந்து மூன்று கிளிப்பையும் முறுக்கிவிட்டு வந்து பார்த்தார். பிறகு தளர்த்திவிட்டுப் பார்த்தார். மறுபடியும் முறுக்கினார், மறுபடியும் தளர்த்தினார். நான்கு தடவை. ஐந்தாவது தடவை தளர்த்தியதோடு நிறுத்தி, குழாயை ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். அங்கே உள்ள மங்கலுக்கு நடுவில் நான்கு பொடி நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கும். மூன்று வாரமாக எனக்கு அது ஒரே கொழகொழப்பு.

"நாலும் தனித்தனியா நிக்கிது" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே! கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு காயிதம் போறாப்புல எடம் விட்டு வச்சிருந்தேன். கண்ணாடிக்கு மூச்சு விட எடம் வேணாமாடா? அது என்ன உன் பைக்கு வீல் நட்டா? எங் கையப் பாத்து, ஒரு பக்கமா அழுத்திருச்சோன்னு கேட்டியே! மூணு வாரமா எங் கைய நானே மொறச்சுப் பாத்துக்கிட்டுத் திரியிறேன். சோத்தக்கூட ஒரு பக்கமாப் பெசையிறேனோன்னு சந்தேகம் வந்துருச்சுடா எனக்கு!"

மச்சானும் என் மனைவியும் மல்லிகைச் செடிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர் திட்டத் திட்ட எனக்குச் சுமை இறங்கியது.

திட்டி முடித்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அவரே வீட்டுக்குப் போன் போட்டார். "அடியே, அந்தக் கண்ணாடி மேல இருக்குற டம்ளர எடு. முறுக்கையும் எடு. ஈரத் துணியால தொடச்சு பீரோவுல வையி. ஆமா, தேய்க்கத்தான் போறேன்." அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதை எழுத முடியாது.

பிறகு வியாபாரியாகிக் கணக்குச் சொன்னார். குறைத்த ஆறாயிரம் திரும்பி வர வேண்டும். ஆசாரி செய்த டீப்பாய்க் காலுக்கு ஆயிரத்து இருநூறு, அதுவும் என் தலையில்தான். பணம் ஐபீஸாக மாறி டெலஸ்கோப்பில் மாட்டியிருந்ததால் தவணை கேட்டேன், கொடுத்தார். இப்போது சனிக்கிழமை தவறாமல் அவரிடமிருந்து போன் வருகிறது. பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. மூன்றாவது பொடிக்கு வந்தாயிற்று, பேரலைச் சுற்றி நடந்ததில் செருப்பு தேய்ந்துபோயிற்று, கிளிப்பை மாட்டும்போது மட்டும் திண்டுக்கல் பக்கம் தகவல் சொல்லமாட்டேன், இப்படித்தான் பேச்சு. போன மாசம் மூவாயிரம் கொடுத்தேன். இன்னும் கொடுக்க வேண்டியது நாலாயிரத்து இருநூறு ரூபாய்.