தவமணி எடுத்த கடைசிப் படம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தோட்டத்து லொறி ஓட்டுகிறவன், பசறை ரோட்டில் எந்த நேரத்திலும் தனியாக வந்திருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. அதனால் இதைச் சொன்னால் நீங்கள் நம்பாமல் போனாலும் எனக்குக் கோபம் வராது.

என் மனைவி தவமணி அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். டுபாயில் வேலை செய்த அவள் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் கேமரா கொண்டுவந்து கொடுத்தார். புதிதாகப் படம் பிடிக்கப் பழகுகிறவர்களுக்கான சாதாரண மாடல்தான், ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. தவமணி அதை என் கையில் கொடுக்கவே மாட்டாள். மலை, கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், நான் என்று எடுத்துக்கொண்டே இருப்பாள். ஒரு கண்ணை மூடினால் தலையும் சேர்ந்து சாய்ந்துவிடும், அதனால் அவள் எடுத்த படமெல்லாம் இடப்பக்கம் சரிந்தே இருக்கும்.

"ஒன்ன ஒண்ணு எடுக்கிறேன், குடு புள்ள" என்பேன்.

"என் மூஞ்சிக்கு என்னா அவசரம்? நீங்க அசையாம நில்லுங்க."

ஒருநாள் மலையில் குளவி கலைந்து கொட்டியதில் அவள் போய்விட்டாள். பதுளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் லொறியில் கொண்டு போனேன். போகிற வழியிலேயே பேச்சு நின்றுவிட்டது.

மொட்டை போட்டு, அவளை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகுதான், மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். அலுமாரியில் பூட்டியிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு பதுளை பஜாரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி கார்டைக் கம்பியூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"அண்ணே, இதுல அக்கா ஒண்ணுலயும் இல்லயே. மலை, கோழி, புள்ளைங்க, மிச்சமெல்லாம் நீங்கதான்."

அவர் கடைசிப் படத்தில் நிறுத்தினார். "மொட்டையோட இருக்கீங்களே, இது யாரு எடுத்தது?"

பார்த்தேன். எங்கள் வீட்டு வாசல்படி. தேத்தண்ணி கோப்பையோடு நான். தலையில் ஒரு முடி இல்லை. படம் இடப்பக்கம் சரிந்திருந்தது.

அவள் போன பிறகு, கேமராவை எடுக்க நான் திறக்கும்வரை, அந்த அலுமாரியை யாரும் திறக்கவில்லை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பிள்ளைகள் யாராவது விளையாட்டுக்கு எடுத்திருப்பார்கள் என்று சாவுக்கு வந்திருந்த அவள் அண்ணன் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

மாலை போட அவள் முகம் கிடைக்கவே இல்லை. அந்த ஒரு படத்தை மட்டும் கழுவி வாங்கி வந்தேன். வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன். சாவு விழுந்த வீட்டில், அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருக்கும் நான் அந்தப் படத்தில் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சிரித்தது எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை.