பட்டியலில் வராத பெயர்

2006 வாக்கில், புதுச்சேரியில் காலாப்பட்டு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். நூலகத்தில் என் வயதுப் பெண் ஒருவர் வேலை பார்த்தார். காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கல்லூரிக்குள் செய்தி அனுப்ப நாங்கள் வைத்திருந்த சின்ன சாட் புரோகிராமில் அவரைப் போல வாயாடி கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பவர்களின் பெயரெல்லாம் அதில் பட்டியலாகத் தெரியும். காலையில் என் திரையில் முதலில் வருவது அவர்தான்: "இன்னிக்கு இன்னா டிபன்?" அதற்காகவே சீக்கிரம் வருவேன். அவரிடம் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை, வைரஸ் தொல்லை தாங்காமல் நெட்வொர்க்கை விலான்களாக, அதாவது கட்டடத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தேன். திங்கட்கிழமை இன்டர்நெட் வந்தது, பிரின்டர் ஓடியது. பெருமையாக இருந்தது. அவர் செய்தி மட்டும் வரவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்து, நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

புதன்கிழமை என் அறைக்கே வந்து ஒரு சீட்டை நீட்டினார். 'லிஸ்டுல யாரையும் காணும். நான் எதாச்சும் தப்பா எழுதிட்டனா?' அந்த நேரம் பார்த்து முதல்வர் அறையிலிருந்து போன். 'நெட் வருதில்ல? அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று சீட்டின் பின்னாலேயே எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அட்மிஷன் பிரிவு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, லைப்ரரி பொண்ணு பேரே வர்ல? யாரும் பேச மாட்றாங்கன்னு நெனச்சிக்கினு இருந்துச்சி, பாவம். நேத்தோட நின்னுட்டுது. குடும்பத்தோட பிரான்சு போறாங்களாம்."

அப்போதுதான் உறைத்தது. அந்தப் புரோகிராம் திறந்ததும், 'நான் வந்திருக்கிறேன்' என்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகக் குரல் கொடுக்கும். யுடிபி பிராட்காஸ்ட் என்பார்கள். நான் பிரித்த பிறகு அந்தக் குரல் நூலகக் கட்டடத்தைத் தாண்டவில்லை. 'இந்த போர்ட்டில் வரும் அழைப்பை மற்ற பகுதிகளுக்கும் அனுப்பு' என்று, கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் எழுதிவைத்தால்தான் அது அனுப்பும். பத்து நிமிட வேலை.

உடனே உட்கார்ந்து எழுதினேன். நூலகக் கணினி பட்டியலில் வந்தது. மனசு கேட்காமல் ஒரு 'ஹலோ' போட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்தவர், "யார் சார்?" என்றார்.

முகவரிக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. இன்றும் எங்கே நெட்வொர்க்கைப் பிரித்தாலும், மறுநாள் மேசை மேசையாகப் போய், யாருக்கு யார் தெரியவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்; நான் போய் நிற்க வேண்டிய ஒரு மேசை மட்டும் எந்த ஊரில் இருக்கிறதோ.