முழங்கால் போனது, கூடை விழவில்லை

கொடைக்கானல் மலைப்பாதையில், பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் பழம் விற்ற பெண்களில் ஓட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. மலையேறி வரும் பஸ் கீழ் வளைவில் உறுமும்போதே, தலையில் சும்மாடும் கூடையுமாகக் கிளம்பிவிடுவேன். பஸ்ஸின் முன்வாசலை ஒட்டிய இடம் என்னுடையது.

ஏறி வந்த பஸ்ஸுக்குச் சூடு தணிய அங்கேதான் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், பிளம்ஸ் பழக் காலத்தில், அந்தத் தண்ணீரில் என் வலது கால் வழுக்கியது. வேறு யாராக இருந்தாலும் கூடையைப் போட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பார்கள். கூடைக்காரிகளுக்கு அது வராது. எது ஆனாலும் கழுத்து நேராக நிற்க வேண்டும் என்று பழகிய உடம்பு. பாதம் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்தேன். முழங்காலுக்குள் ஏதோ டொக்கென்றது. ஒரு பழம்கூடக் கீழே விழவில்லை.

மறுநாள் கால் மடங்கியபடியே நின்றுவிட்டது, நீட்ட முடியவில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

“ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும்மா. அது கிழிஞ்சு, துண்டு இடையில மாட்டிக்கிட்டு இருக்கு. மதுரையில ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். ஆனா எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, இந்த முட்டு சீக்கிரமே தேஞ்சிரும்.”

“ரெண்டும் ஒண்ணுதான்னா எதுக்குங்க கத்தி?” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை மெல்ல ஆட்டி நீட்டிவிட்டு, இனிமேல் குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

உட்காராமல் எப்படிப் பழம் விற்பது? அங்கே எல்லாருமே கூடையைத் தரையில் வைத்து, பக்கத்தில் குத்துக்காலிட்டு, கேட்பவர்களுக்கு எழுந்து எழுந்து ஜன்னலில் எக்கிக் கொடுப்பார்கள். என் மாமியார் யோசிக்கவே இல்லை.

“போதும் தாயீ நீ சோலி பாத்தது. வீட்டுல கெட. ஒன் எடத்துல வேற எவளாச்சும் நின்னுக்கிருவா.”

முட்டுவலியைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. என் இடத்தில் வேறு ஒருத்தியா?

மறுநாள் வெள்ளனே, பேரிக்காய் அனுப்பும் மரப்பெட்டிகள் இரண்டைப் பழமண்டி பாயிடம் கேட்டு வாங்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேலே கூடையை வைத்து, காலை நீட்டி நின்றேன்.

“தொரசாணி நின்னுக்கிட்டேல்ல ஏவாரம் பாக்குறாக!” என்று பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள்.

பஸ் வந்து நின்றது. என் கூடை சரியாக ஜன்னலுக்கு நேரே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் தாங்களாகவே கையை விட்டுப் பொறுக்கினார்கள். மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்து இடுப்பொடிந்து முடிப்பதற்குள் என் கூடை காலி. என்னை வீட்டுக்கு இழுத்துப்போக வந்த மாமியார், காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தான்.

டாக்டரம்மா சொன்னதும் பொய்க்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் முட்டு வீங்கி, இறக்கத்தில் நறநறவென்றது. மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது முட்டில் எலும்புகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. வலதில் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. மூட்டுத் தேய்மானம், பழைய கிழிசல் ஆரம்பித்து வைத்தது என்றார் டாக்டர். அடிபட்ட கதையைக் கேட்டார். ஒரு பழம்கூட விழாததையும் சேர்த்தே சொன்னேன். அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமாள்மலைக்கு வந்து சேர்ந்தேன். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்துப் பழகிய கூடைக்காரிகள் அத்தனை பேரும் பெட்டி போட்டு நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள்ளிருந்து அதை அன்றுதான் பார்த்தேன். எல்லாக் கூடையும் என் முகத்துக்கு நேரே. ஒருத்திகூடக் குத்துக்காலிடவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

முன்வாசலை ஒட்டி, என் பெட்டிக்குப் பின்னால், என் கூடையைப் பிடித்தபடி மாமியார் நின்றார்.

“என்னத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? வெரசா எறங்கு. இவளுக முண்டுறாளுக. ஒன் எடத்த எம்புட்டு நேரந்தான் நான் பிடிச்சு வச்சிருக்கது?”