பாலனுக்காக அழுத பிள்ளை

ஊமை நாடகத்துக்குச் சத்தம் போடுகிறவன் பாடு, திரைக்குப் பின்னால் நின்றே கால் மரத்துப்போன உங்களுக்குத் தெரியாததா? வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நத்தார் வந்தால் இயேசு பிறப்பை ஊமை நாடகமாகப் போடுவார்கள். நடிக்கிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். காற்று, கழுதைக் குளம்பு, பாலனின் அழுகை எல்லாம் என் ஸ்பீக்கர் செட்டிலிருந்துதான் வரவேண்டும்.

கெடா ஆடு

முதல் வருஷம் பாலனுக்காக நானே மைக்கில் அழுதேன். மாதா வேஷம் போட்ட டீச்சர் மேடையிலேயே தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா முன்வரிசையிலிருந்து சத்தமாகவே கேட்டார்: "டேய் ஸ்பீக்கர், மாட்டுப்பட்டியில கெடா ஆட்டயா கட்டியிருக்க?"

பதினோரு விநாடி

அந்த அவமானத்தில், அடுத்த வருஷம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கொழுந்து பறிக்கும் புஷ்பாவின் கைக்குழந்தை கவின் பசியில் கத்தியதை போனில் பதிந்துகொண்டேன். பதினோரு விநாடி. நாடகத்தில் அது கேட்டதும் மண்டபமே உச்சுக்கொட்டியது. மூன்று மாதத்தில் கவின் காய்ச்சலில் போய்விட்டான்.

அழித்துவிடலாமென்று போனை எடுத்தேன். மனசு வரவில்லை. மறு நத்தாருக்கு முந்திய வாரம், கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் புஷ்பா என் ஸ்பீக்கர் கடை வாசலில் வந்து நின்றாள். அதே அழுகையைத்தான் போட வேண்டும் என்றாள். அவள் போனுக்கே அனுப்புகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். "வேணாம்ணே. வீட்ல கேட்டா செத்த புள்ள, நாடகத்துல கேட்டா பொறக்குற புள்ள."

புதிதாக ஒன்று

அதன்பிறகு வருஷா வருஷம் கடைசி வரிசையில் நெற்றியில் திருநீறோடு வந்து உட்காருவாள். முடிந்ததும், "பல்லு மொளச்சிருச்சு போல" என்பாள். மறுவருஷம், "கொரல் தடிச்சிருக்கு" என்பாள். பாவம், பெற்ற மனசு என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

போன வருஷம் சூசையப்பர் வேஷக்காரர் ஒட்டுத்தாடியைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். அவர் சொன்னதை நம்பாமல் கடைக்குப் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அதே பதினோரு விநாடிதான், வெறும் அழுகைதான். ஆனால் மேடையில் நின்ற அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "என்னண்ணே, நடுவுல 'அம்மா'ன்னு ஒரு சத்தம்? புதுசா சேத்தீங்களா?"

வேறு பிள்ளை

பயந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வருஷம் புஷ்பாவிடம் சொல்லாமல், இணையத்திலிருந்து யாரோ பெற்ற பிள்ளையின் அழுகையை இறக்கி வைத்துக்கொண்டேன். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. குளிருக்கு மண்டபத்தின் பின்கதவைச் சாத்தியிருந்தார்கள். அழுகையைப் போட்டேன். அது ஓய்ந்த பிறகும் பின்கதவில் இடுப்பு உயரத்தில் ஏதோ உரசுகிற சத்தம் ஓயவில்லை. அது நான் போட்ட சத்தம் இல்லை.

புஷ்பா எழுந்து நேராகத் திரைக்குப் பின்னால் வந்துவிட்டாள். அழவில்லை, கோபமும் இல்லை. என் கையைப் பிடித்தாள். "அது யாரு புள்ளண்ணே? எம் புள்ள வெளிய பனியில நிக்கிறான், கதவ ஏன் சாத்துனீங்க?"

கதவைத் திறந்தேன், பனி மட்டும்தான் உள்ளே வந்தது. ஆனாலும் அடுத்த நத்தாருக்குப் பழைய அழுகைதான், நம் பிழைப்பில் வாடிக்கையாக வருகிற ஆளை வெளியே நிறுத்தலாமா, சொல்லுங்கள்!