வேனுக்குள் முளைத்த ஜாக்கி

இன்று காலை எங்கள் பட்டாசு கம்பெனி வேன் வெம்பக்கோட்டை ரோட்டில் பஞ்சர். ஆபீசில் டைப் அடிக்கும் நானும் வெடி சுற்றும் பதினேழு பெண்களும் இறங்கி நின்றோம்.

டிரைவர் ஜாக்கி வைத்துத் தூக்கினார். வேன் எழவில்லை. ஜாக்கிதான் வேனின் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு, வெடி சுற்றும் மாரியக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் மேலே வந்தது.

புதுப் பெயிண்டுக்கு அடியில் முழுக்கத் துரு!

முதலாளிக்குப் போன் போட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தாம்மா. தகரம் வச்சு வெல்டு அடிச்சிருவோம்" என்றார்.

டிரைவர் போனை வாங்கினார். "வெல்டு பிடிக்க நல்ல இரும்பு வேணும்ல மொதலாளி? இங்கன அது எங்க இருக்கு?"

முதலாளி போனை வைத்துவிட்டார்.

மாரியக்கா, "இனி இதுல ஏறுனா நம்ம மனுசங்களே இல்ல" என்றாள். எல்லோரும் கம்பெனிக்கு நடந்தே போனோம்.

நீங்கள் போகும் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, கீழே கமெண்டில் எழுதுங்கள். பார்த்த பிறகும் ஏறுவீர்களா?