தானே செய்தாள்

அந்த நோட்டைத் திறந்தால் முதலில் புளித்த தயிர்சாத வாசனைதான் வரும். செல்வி அக்காவின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே அதுவும் தினம் போய்வந்ததால், காக்கி அட்டையில் எண்ணெய் ஊறி, ஓரங்கள் பொரித்த அப்பளம்போல நெளிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு 'வீட்டு நோட்டு' என்று பெயர். அக்கா படித்த சிறப்புப் பள்ளியில் டீச்சர் அன்று சொல்லிக்கொடுத்ததை இடது பக்கத்தில் எழுதுவார்: பல் துலக்குவது, சட்டைக்குப் பொத்தான் போடுவது, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது. அதை வீட்டில் எவ்வளவு தூரம் செய்தாள் என்று வலது பக்கத்தில் நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும்.

அந்த 'நாங்கள்' நான்தான். அப்பா லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்றாலும், பேச்சும் கைப்பழக்கமும் அவளுக்கு மெதுவாகத்தான் வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டிலோ மெதுவான எதற்கும் இடமில்லை. எட்டு மணிக்கு அம்மா அப்பளக் கம்பெனியில் இருக்க வேண்டும், பிந்தினால் அன்றைக்குத் தேய்க்க மாவு கிடையாது, கூலியும் கிடையாது. அக்கா முதல் பொத்தானின் துளையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஐந்தையும் மாட்டி முடித்துவிடுவாள். "இவ போட்டு முடிக்கங்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்பாள்.

நான் நோட்டில் 'தானே செய்தாள்' என்று எழுதுவேன். டீச்சர் அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்புவார். என் பள்ளியில் எனக்கு யாரும் நட்சத்திரம் போட்டதில்லை.

ஒருமுறை, உங்கள் பஸ் நிறுத்தத்துக்கு அடையாளம் எது என்று டீச்சர் கேட்டிருந்தார். பஞ்சர் கடை வாசலில் தொங்கும் டயர் என்று எழுதினேன். அவர் ஓர் அட்டையில் டயர் படம் வரைந்து அக்காவைப் பழக்கினார். ஒரு வாரம் அவளை நிறுத்தம்வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று எங்களுக்கும் எழுதியிருந்தார். தெருவில் பம்பர ஆட்டம் சூடாக இருந்த நேரம். நான் ஒருநாள்கூடக் கூட்டிப்போகவில்லை, ஆனால் ஏழு நாளும் 'தானே செய்தாள்' என்று எழுதினேன். எட்டாம் நாள் இடது பக்கத்தில் இப்படி இருந்தது: 'மிக்க மகிழ்ச்சி. நாளை மாலை ஆயா பெரியார் பஸ் நிலையத்தில் ஏற்றிவிடுவார். செல்வி தனியாக இறங்குவாள். அம்மா நிறுத்தத்தில் நிற்கவும்.' அதுவரை பள்ளி ஆயாவே அவளை வீட்டு வாசல்வரை கூட்டிவந்து விட்டுக்கொண்டிருந்தார். இதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

மறுநாள் நானே போய் நின்றேன். பஞ்சர் கடைக்காரர் அலங்காநல்லூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். கடை பூட்டிக் கிடந்தது, டயர் உள்ளே இருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் அக்கா இருந்தாள். கையை வீசிக் கூப்பிட்டேன். அவள் என் தலைக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அப்படியே பஸ் அவனியாபுரம் பக்கம் போய்விட்டது.

செருப்பு அறும்வரை பின்னால் ஓடினேன், பிறகு திரும்பி அப்பளக் கம்பெனிக்கு ஓடினேன். அம்மா மாவுக் கையோடு நிறுத்தத்துக்கு வந்தாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எதிர்த் திசையில் இரண்டு பஸ்கள் வந்து போயின. மூன்றாவதிலிருந்து அக்கா பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள், பின்னாலேயே கண்டக்டரும்.

"கடைசி ஸ்டாப்புல எல்லாரும் எறங்கியாச்சு, புள்ள அசையல. கேட்டா நோட்ட எடுத்து நீட்டுது. பொரட்டுனா பக்கத்துக்குப் பக்கம் 'தானே செய்தாள்'னு இருக்கு. அம்புட்டும் தானா செய்யிற புள்ள எறங்க மட்டும் ஏம்மா எறங்கலன்னேன். 'டயர் இல்ல'ன்னுச்சு."

நோட்டுக்குள் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு எந்தக் கடை என்று புரிந்ததாம். அக்கா பூட்டிய கதவைக் காட்டி, "டயர் இல்லடா" என்று என்னைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள். சொல்லிக்கொடுத்ததை அவள் பிசகாமல் செய்திருந்தாள். செய்யாதவர்கள் நாங்கள்தான்.

வீட்டுக்கு வந்து, கையில் காய்ந்திருந்த மாவைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள். "நீ எழுதுனது பொய்யின்னா, நான் தெனம் பட்டனைப் போட்டுவிட்டது மட்டும் என்னவாம்?"

மறுநாள் காலையில் அம்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அக்கா நாக்கைத் துருத்திக்கொண்டு பொத்தானோடு மல்லுக்கட்டினாள். பள்ளிக்குப் போகும் பஸ் போய்விட்டது, அன்றைய மாவும் போயிற்று. நான் வலது பக்கத்தில், 'முன்பு எழுதியது எல்லாம் பொய். இன்று ஐந்து பொத்தானில் மூன்று. பஸ் போய்விட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, சாயங்காலம் அக்கா வந்ததும் பையிலிருந்து நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. 'மூன்று நன்று. அடுத்த பஸ்ஸில் வரலாம்' என்று மட்டும் இருந்தது. வாசித்துக் காட்டியதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு லாரி, பனியன் கம்பெனி, மீன்பிடித் துறைமுகம் என்று அலைந்தேன். எங்கும் சேர்ந்தாற்போல ஆறு மாதம் தரித்ததில்லை. பஞ்சர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பளக் கம்பெனி இல்லை. அந்த நோட்டு எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ தெரியாது. போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, நானும் அக்காவும் எங்கோ கிளம்பினோம். அவள் படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டதும் நான் குனிந்து கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டாள்.

"அடுத்த பஸ்" என்றாள்.

அது இருபது நிமிடம் கழித்து வந்தது. உட்கார இடமும் இருந்தது.